கடை ஏறி இறங்கினால் வைத்தியச் செலவு குறையுமா?

காரைக்குடியில் மருந்துக்கடைகள் நெருக்கமாக இருக்கும் தெரு எதில் நடந்தாலும் பலகைகள் கண்ணில் படும். ஒரு கடையில் 10 சதவீதம் தள்ளுபடி, பக்கத்துக் கடையில் 15, எதிர்ச்சாரியில் ‘அனைத்து மருந்துகளுக்கும் 20’. போட்டி வந்தால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும். அதே தெருமுனை டீக்கடையில் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

“இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி வரட்டும்ணே, ரேட்டு தானா எறங்கும்.”

“எங்க தம்பி எறங்குது? ஆஸ்பத்திரி கூடக் கூட பில்லுல்ல கூடுது!”

இருவருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். போட்டியால் மருத்துவத்தில் விலை மளமளவென்று சரிந்த இடங்கள் உண்டு. போட்டியாலேயே விலை ஏறிய இடங்களும் உண்டு. இதைக் கட்சி வாதமாக ஆக்கிக்கொண்டு, ஒரு சாரார் “சந்தையிடம் விட்டுவிடு” என்றும், இன்னொரு சாரார் “மருத்துவத்தில் சந்தைக்கு என்ன வேலை” என்றும் சத்தம் போடுவதில் விஷயம் புரியாமலே போய்விடுகிறது. போட்டி எப்போது விலையை இறக்கும், எப்போது ஏற்றும் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆத்தங்குடிக் கல் வாங்கப் போகிறவர்

வீடு கட்டுகிற ஒருவர் தரைக்கு ஆத்தங்குடிக் கல் வாங்கக் கிளம்புகிறார். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் வண்ணத் தரைக்கல் அது. பட்டாலைக் கூடத்துக்கு எத்தனை சதுர அடி என்று அளந்து, சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறார். ஊருக்குள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட்டை ஊற்றுவது கண்ணெதிரே நடக்கிறது. கல்லைத் திருப்பிப் பார்க்கலாம், விளிம்பைத் தடவிப் பார்க்கலாம், தண்ணீர்த் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்கலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை முன்கூட்டியே தெரியும். கட்டுப்படியாகாவிட்டால் “யோசிச்சுட்டு வர்றேன்” என்று நடையைக் கட்டலாம். தரை போடுவது ஒரு மாதம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது.

அந்த “யோசிச்சுட்டு வர்றேன்” தான் விலையை இறக்குகிறது. பட்டறைக்காரர் இரக்கப்பட்டு இறக்குவதில்லை. இவர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார், போகவும் முடியும், போனால் கல்லின் தரத்தையும் விலையையும் இவரே ஒப்பிட்டுக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். வாங்குகிறவர் தமக்கு வேண்டியதை அறிந்திருக்கிறார், தரத்தைப் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார், காத்திருக்க முடிகிறது, தம் பணத்தைக் கொடுக்கிறார், விற்கிறவர்களும் பலர் இருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்துதான் ‘சந்தைப் போட்டி’ என்பது. பல கடைகள் இருப்பது மட்டும் போட்டி ஆகிவிடாது.

இப்போது அதே மனிதருக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கிறது. தமக்கு என்ன வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. வாயுவா, மாரடைப்பா என்பதைச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் (இரத்தக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்று சொல்கிறவரே ஸ்டென்ட் வைக்கிறவராகவும் இருப்பார். தரத்தைத் தடவிப் பார்க்க முடியாது. மொத்த விலை வீட்டுக்குப் போகும் நாளில்தான் தெரியும். “யோசிச்சுட்டு வர்றேன்” என்று எழுந்து நடக்கவும் முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனில் “அப்பச்சி, நாலு எடத்துல விசாரிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க” என்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் மதுரை தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்கும் இந்த நிலைக்குத் தகவல் சமமின்மை என்று பெயர். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவம் மற்றச் சந்தைகளைப்போல ஏன் நடந்துகொள்வதில்லை என்று விளக்கினார். நோய் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை, வந்தால் எது நல்ல சிகிச்சை என்பது நோயாளிக்குத் தெரியாது, ஆகவே அவர் மருத்துவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மருத்துவப் பொருளாதாரம் என்ற துறையே அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பியது என்பார்கள். எழுதியவருக்கு 1972-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விலையை இறக்குவது கடைகளின் எண்ணிக்கை அல்ல, வாங்குகிறவர் விலகிப் போக முடிவதுதான். நோயாளியால் பல நேரங்களில் அப்படி விலகிப் போக முடியாது.

கட்டணம் வேறு, செலவு வேறு

டீக்கடை வாதத்தில் இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடிவது இதனால்தான். ஒரு ஸ்கேனுக்கு எவ்வளவு என்பது கட்டணம். வருஷத்தில் எத்தனை ஸ்கேன் எடுத்தோம் என்பது எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கினால் வருவது செலவு. போட்டியால் கட்டணம் இறங்கி, எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறினால் செலவு கூடத்தானே செய்யும்.

எண்ணிக்கை ஏன் ஏற வேண்டும்? கருவியின் பொருளாதாரத்தைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. கருவி சில கோடி ரூபாய் விலையுள்ளது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வங்கித் தவணை, பராமரிப்பு ஒப்பந்தம், ஏ.சி., மின்சாரம் எல்லாம் மாதாமாதம் நிற்கும். இதை நிலையான செலவு என்பார்கள். ஓர் ஊரில் இருக்கும் நோயாளிகளுக்கு ஒரு கருவி போதும் என்கிற இடத்தில் மூன்று வந்தால், மூன்றின் தவணையும் அதே நோயாளிகளிடமிருந்துதான் வந்தாக வேண்டும். ஆத்தங்குடியில் இன்னொரு பட்டறை வந்தால் யாரும் வீட்டில் இரண்டு அடுக்குத் தரை போட மாட்டார்கள். மருத்துவத்தில் எத்தனை தேவை என்று முடிவு செய்கிறவர் வாங்குகிறவர் இல்லை என்பதால், “எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடுவோம்” என்ற வாக்கியம் நுழைய இடம் இருக்கிறது. விற்கும் தரப்பே தேவையை உண்டாக்கிக்கொள்வதற்குத் தூண்டப்பட்ட தேவை என்று பெயர். 1960-ஐ ஒட்டி மில்டன் ரோமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் கட்டில்களைக் கணக்கெடுத்து, கட்டில் போட்டால் அது நிரம்பிவிடுகிறது என்ற பொருள்பட ஒரு முடிவைச் சொன்னார். இன்றும் அது அவர் பெயரால் விதியாகவே வழங்குகிறது.

நம் பக்கத்துக் கணக்கு ஒன்று. 2019–21 காலத்தில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 64 அறுவைப் பிரசவம். அரசு மருத்துவமனைகளில் 36. வித்தியாசம் முழுவதும் காசுக்காக என்று சொல்லிவிட முடியாது. போகிறவர்களின் வயதும் உடல்நிலையும் வேறு, சில குடும்பங்கள் நாள் நட்சத்திரம் பார்த்து அவர்களே கேட்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் தனியார் பிரசவ மருத்துவமனைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை, போட்டி கடுமை. அந்தப் போட்டி விலையுயர்ந்த முறையின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை என்பது மட்டும் இந்த எண்களில் தெளிவாகத் தெரிகிறது.

யாரைப் பிடிக்கப் போட்டி?

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். போட்டி இருக்கிறதா இல்லையா என்பது அரைக் கேள்வி. போட்டி போடுகிறவர்கள் யாருடைய முடிவைத் தங்கள் பக்கம் இழுக்கப் போட்டி போடுகிறார்கள் என்பதுதான் முழுக் கேள்வி.

டிரிப்ஸ் ஏற்றும்போது குழாயின் நடுவே ஒரு சின்ன பிளாஸ்டிக் திருகு இருக்கும், மூன்று பக்கம் வாய் வைத்தது. ஒரு வழியில் குளுக்கோஸ், இன்னொரு வழியில் ஊசி மருந்து என்று மாற்றி மாற்றித் திறக்க உதவும். நோயாளியோ உடன் இருப்பவரோ அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இந்தத் திருகும் இருந்தது. மருத்துவமனை வாங்கிய விலை 5 ரூபாய் 77 காசு. நோயாளியின் பில்லில் 106 ரூபாய். லாபம் 1,737 சதவீதம்.

திருகு செய்கிற கம்பெனிகள் ஒன்றிரண்டு அல்ல, போட்டி நிறையவே உண்டு. அப்படியும் விலை ஏன் 106? கம்பெனிகள் நோயாளியைப் பிடிக்கப் போட்டி போடவில்லை, மருத்துவமனையின் கொள்முதல் பிரிவைப் பிடிக்கப் போட்டி போட்டன. இருவர் ஒரே திருகை 6 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பொட்டலத்தில் 20 ரூபாய் என்றும், மற்றவர் 106 ரூபாய் என்றும் அதிகபட்ச சில்லறை விலையை, அதாவது நாம் எம்.ஆர்.பி. என்று சொல்வதை, அச்சிடுகிறார்கள். கொள்முதல் செய்கிறவர் எதை எடுப்பார்? அதிக விலை அச்சிட்டவரே ஜெயிப்பார். குறைவாக அச்சிட்டவர் போட்டியில் தோற்று வெளியேறுவார். போட்டி இங்கே இல்லாமல் இல்லை, நன்றாகவே நடக்கிறது. விலையை மேலே தள்ளுகிற போட்டி அது. இந்த லாபத்தில் பெரும்பங்கு தயாரிப்பாளருக்குப் போகவில்லை, மருத்துவமனைக்கே போகிறது என்றும் அந்த ஆணையம் சொன்னது.

இதயத்தில் வைக்கும் ஸ்டென்டிலும் இதே கதைதான். பல உள்நாட்டு, வெளிநாட்டுக் கம்பெனிகள் இருந்தும் மருந்து தடவிய ஸ்டென்ட் ஒன்று லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு வைத்தது: மருந்து தடவியது வரி நீங்கலாக 29,600 ரூபாய், வெறும் உலோகம் 7,260 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செயற்கை மூட்டுக்கும் வரம்பு வந்தது. அதிகம் பயன்படும் வகை ஒன்றின் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது, 54,720-க்கு இறங்கியது. ஸ்டென்டில் இறங்கியதை வேறு தலைப்பில் பில்லில் ஏற்றிவிடுகிறார்கள் என்ற புகாரும் பின்னாலேயே வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஸ்கேன் மையங்களுக்கும் இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கும் இடையே நடக்கும் போட்டியில் ஒரு பகுதி நோயாளிக்காக நடக்கிறது, ஒரு பகுதி சீட்டு எழுதுகிறவருக்காக நடக்கிறது. ஆள் அனுப்பினால் கமிஷன் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் தெளிவாகத் தடை செய்யப்பட்டது. தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும், கமிஷன் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். கமிஷன் கொடுத்துத்தான் வாடிக்கை பிடிக்க முடியும் என்ற இடத்தில், கமிஷன் தராமல் குறைந்த விலைக்குச் செய்கிறவரிடம் சீட்டு வருவதில்லை.

சரி, அந்த 20 சதவீதத் தள்ளுபடிப் பலகை? அது உண்மையான போட்டிதான். நோயாளியைப் பிடிக்கத்தான் கடைகள் மோதுகின்றன. ஆனால் மோதல் கடைசி அடுக்கில் மட்டும் நடக்கிறது. எந்தக் கம்பெனி மாத்திரை என்பது சீட்டில் எழுதியாகிவிட்டது. ஒரே மூலப்பொருள், ஒரே மில்லிகிராம், பத்துப் பெயர், பத்து விலை. எழுதிய பெயருக்குள்தான் தள்ளுபடி. அதோடு சில்லறை மருந்துக்கடைக்கு வழக்கமான லாபமே நூற்றுக்கு 16 முதல் 20 வரைதான். அதில் 20-ஐ விட்டுக்கொடுத்துவிட்டு எப்படிக் கடை நடக்கிறது என்று கேட்பீர்கள். மொத்தமாக வாங்குவதில் கிடைக்கும் சலுகை ஒரு வழி. இன்னொரு வழி, அட்டையில் 100 ரூபாய் அச்சிட்டு, கடைக்கு அதில் சிறு பங்கு விலையில் வந்து சேரும் ரகங்கள். அவற்றில் 20 தள்ளிக் கொடுத்தாலும் கடைக்காரருக்கு மிச்சம் இருக்கும். திருகின் கதை இங்கேயும் வந்துவிட்டது.

போட்டி உருப்படியாக வேலை செய்த இடங்கள்

இவ்வளவும் படித்துவிட்டுப் போட்டியே ஆகாது என்று நினைத்தால் அதுவும் தப்பு. நம் மண்ணிலேயே நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

கண்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு ஊர்களில் மதுரைக்குப் போய்க் கண்ணுக்குச் செய்துகொண்டு வந்த ஆச்சி ஒருவராவது இல்லாத தெரு கிடையாது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் அன்று இறக்குமதிச் சரக்கு, நூறு டாலர் அளவில் விலை. ஏழைகளுக்கு அது எட்டாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-இல் அந்த நிறுவனமே அரோலேப் என்ற ஆலையைத் தொடங்கி லென்ஸைத் தயாரித்தது. விலை பத்து டாலர் அளவுக்கு வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. இறக்குமதிக் கம்பெனிகளுக்கு எதிராகப் புதிதாக ஒரு போட்டியாளர் வந்ததும், விலையைப் பேசி முடிவு செய்கிறவர் அந்த லென்ஸின் தரம் தெரிந்த கண் மருத்துவர் என்பதும் இதில் கவனிக்க வேண்டியவை.

நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்புரை ஆத்தங்குடிக் கல்லுக்குக் கிட்ட வருகிற நோய். அவசரமில்லை, அடுத்த மாதம் செய்யலாம். என்ன செய்யப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. இந்த லென்ஸுக்கு இவ்வளவு என்று அட்டவணையே தருகிறார்கள். செய்துகொண்டு வந்த பக்கத்து வீட்டு ஆச்சியிடம் “இப்ப நல்லாத் தெரியுதா ஆச்சி?” என்று கேட்டே தரத்தையும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இத்தகைய சிகிச்சைகளில் போட்டி நோயாளி மட்டத்திலேயே வேலை செய்யும்.

மருந்துத் தயாரிப்பில் நடந்தது இன்னும் பெரிது. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்தின் செய்முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துப் பொருளுக்கு இல்லை என்றது. ஒரே மருந்தை வேறு வழியில் பல கம்பெனிகள் செய்யலாம் என்றாயிற்று. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை திரும்பி வந்துவிட்டது. அதற்கு முன் கிடைத்த முப்பது சொச்ச ஆண்டுகளில் கற்றுக்கொண்டதன் பலன் 2001-இல் தெரிந்தது. எச்.ஐ.வி. நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிவந்த கூட்டு மருந்தை, சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அறிவித்தது தனி நோயாளிகளிடம் அல்ல, ஆப்பிரிக்காவில் சிகிச்சை தந்துகொண்டிருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டை. ‘தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்குமே, அதுதான். 1994-இல் தொடங்கி 1995 ஜனவரி முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே கையால் வாங்குகிறது. பிராண்டுப் பெயர் கிடையாது, மூலப்பொருள் பெயரில்தான் டெண்டர். கம்பெனிகள் இரண்டு உறைகளில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் உறையில் ஆலையின் தகுதி, தயாரிப்பு அனுபவம். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். வந்த சரக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் சரக்கு திரும்பும், தொடர்ந்தால் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும்.

ஆத்தங்குடிப் பட்டறையில் நின்ற மனிதரிடம் இருந்ததெல்லாம் இங்கே திரும்பி வந்துவிட்டதைப் பாருங்கள். வாங்குகிறவருக்குத் தேவை தெரிகிறது, தரத்தைத் தட்டிப் பார்க்கிறார், விலை முன்கூட்டியே தெரிகிறது, பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போக முடிகிறது. கம்பெனிகள் முட்டி மோதுகின்றன, விலை இறங்குகிறது. இந்த முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றின. இலவச மருந்து அரசின் தயவால் மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சந்தைப் போட்டியாலும் வருகிறது, அந்தப் போட்டியை நடத்துகிறவர் நோயாளி இல்லை, அவ்வளவே.

ஆக, தனி நோயாளியால் செய்ய முடியாத பேரத்தை அவர் சார்பில் விவரம் தெரிந்த பெரிய கை ஒன்று செய்தால், போட்டி விலையைக் குறைக்கிறது. அந்தப் பெரிய கை லாபத்தில் பங்காளியாகிவிட்டால் திருகு 106 ரூபாய் ஆகிறது.

விலையைக் கட்டிப்போட்டுவிட்டுப் போட்டி

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவைக்குள்ளேயே போட்டியை இரண்டு முறை கொண்டுவந்து பார்த்தார்கள். 1990-களில் மருத்துவமனைகள் விலையைப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். விலை கண்ணுக்குத் தெரிந்தது, தரம் தெரியவில்லை. போட்டி அதிகமான பகுதிகளில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு கூடியிருந்ததாக ஆய்வுகள் காட்டின. 2006 முதல் வேறு வழி: ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாடு முழுக்க ஒரே விலை, நோயாளி எந்த மருத்துவமனைக்கும் போகலாம். இம்முறை போட்டி உள்ள பகுதிகளில் இறப்பு குறைந்தது என்று வேறு ஆய்வுகள் சொல்லின. இதைப் பற்றி அறிஞர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை என்றாலும் அடிப்படை புரிகிறது. எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதில்தான் போட்டி நடக்கும். விலையில் மோத முடியாது என்று கட்டிவிட்டால், ஆளைக் கவரத் தரத்தில் மோதுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருப்பது ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனை எதற்கும் அட்டையோடு போகலாம். கட்டணத்தை ரொம்பக் குறைத்து நிர்ணயித்தால் தனியார் நழுவுவார்கள், அல்லது “இதுக்கு மட்டும் நீங்க தனியாக் கட்டணும்” என்பார்கள். கூட்டி நிர்ணயித்தால் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆசை பிறக்கும். சரியான எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்த முறையின் ஓயாத தலைவலி.

காப்பீட்டுக் கம்பெனிகள் மோதினால்?

காப்பீட்டில் போட்டி வந்தால் பிரீமியம் இறங்கும் என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனி லாபம் பார்க்க இரண்டு வழி. மருத்துவமனைகளிடம் கறாராகப் பேரம் பேசிச் செலவைக் குறைப்பது கஷ்டமான வழி. நோய் வராதவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது சுலபமான வழி. போட்டி கடுமையாகும்போது கம்பெனிகள் சுலபமான வழிக்கே ஓடும், விதிகள் தடுக்காவிட்டால். அறுபத்தெட்டு வயது சர்க்கரை நோயாளியை யாரும் வேண்டி வரவேற்பதில்லை. அதனால்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பாலிசி தர வழி செய்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பையும் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது.

வயதானவர்கள் தனியாக இருந்து பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் நம் பக்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும் விஷயம். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39 சதவீதம் 2021–22-இலும் குடும்பங்களின் கையிலிருந்தே போனது. 2013–14-இல் அது 64 ஆக இருந்தது. இறங்கியிருக்கிறது என்பது நல்ல செய்திதான். இருந்தாலும் கைக்காசு கொடுக்கும்போது பேரம் பேசச் சங்கடப்படுவதும், காப்பீடு இருந்தால் “கம்பெனிதானே கட்டுது” என்று பேரத்தையே மறந்துவிடுவதுமாக நாம் இருக்கிறோம்.

ஊர் சிறியது என்பதால்

போட்டிக்கு எதிராளி வேண்டும். அமெரிக்காவில் தனியார் காப்பீட்டுக் கணக்குகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றில், சுற்றுவட்டாரத்தில் எதிராளியே இல்லாத மருத்துவமனையின் கட்டணம், நான்கோ அதற்கு மேலோ மருத்துவமனைகள் உள்ள இடத்தைவிடச் சுமார் 12 சதவீதம் அதிகமாக இருந்தது. அங்கே பேரம் பேசுகிறவை பெரிய காப்பீட்டுக் கம்பெனிகள் என்பதால் எதிராளி இருப்பதற்கு மதிப்பு இருக்கிறது. அப்படியும் அந்த நாடு தன் வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குக் கொட்டுகிறது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற நம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு நான்கு இதய மருத்துவமனைகள் வரப்போவதில்லை, வரவும் கூடாது. ஒரு மருத்துவரும் அவர் குழுவும் கைதேர்ந்து இருக்க, செய்கிற எண்ணிக்கை வேண்டும். இருக்கிற சில நோயாளிகளை நான்காகப் பிரித்தால் ஒவ்வொருவர் கையும் துருப்பிடிக்கும், ஒவ்வொரு கருவியின் தவணையும் எகிறும். இதய சிகிச்சை, புற்றுநோய், விபத்து போன்றவற்றில் மதுரை, திருச்சி என்ற அளவில் போட்டியை யோசிப்பதே பொருத்தம். ஊருக்குள் போட்டி பயன்தரும் இடங்கள் வேறு: இரத்தப் பரிசோதனை, சாதாரண ஸ்கேன், பல், கண், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை.

அந்த மாத்திரைகளில் நாமே கொஞ்சம் வாங்குகிறவராக மாறலாம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அந்தச் சின்ன எழுத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடமே “இதே மருந்து மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கிக்கலாமா டாக்டர்?” என்று கேட்கலாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008-இல் தொடங்கியவை. முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்டன. வலிப்பு, இரத்த உறைவு போன்ற சிலவற்றுக்கு மருத்துவர் மாற்ற வேண்டாம் என்றால் அதைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு எஸ்டிமேட் எழுதி வாங்குவதில் நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று எனக்குப் புரிவதில்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிற ஊர் இது. சீர் சாமானில் கரண்டி எத்தனை என்பது வரை சிட்டை எழுதி வைப்போம். மூட்டு மாற்றுக்கு இரண்டு இடத்தில் கேட்கும்போது, மொத்தத் தொகை மட்டும் கேட்டால் ஒப்பிட முடியாது. பொருத்தும் மூட்டு எந்தக் கம்பெனி, எந்த வகை, அறை எத்தனை நாள், பிசியோதெரபி சேர்த்தியா, மருந்தும் நுகர்பொருளும் தொகுப்புக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம், அந்த 106 ரூபாய்த் திருகு ஒளிந்திருப்பது அங்கேதான்.

நெஞ்சு அடைக்கும் இரவுக்கு இந்த விசாரணை எதுவும் உதவாது. அப்போது 108-ஐக் கூப்பிட்டு, கிட்டத்தில் சிகிச்சை உள்ள இடத்துக்குப் போவதுதான் சரி. முன்கூட்டியே செய்ய முடிந்தது ஒன்றுதான்: வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கைவசம் உள்ள காப்பீட்டு அட்டை மதுரையிலும் திருச்சியிலும் எந்தெந்த மருத்துவமனைகளில் எந்தெந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று பார்த்துப் பெயர்களைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்த்து எழுத வேண்டும்.